ஒன்பதாவது அறிவிப்பு

கேள்வியாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தொலைக்காட்சி நிலையத்தில் வாசல் காவலர் முதல் சேர்மன் வரை எல்லோருக்கும் அவர் கேள்வியார். ஒரு காலத்தில் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே பெரிய பெரிய ஆட்கள் தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். இப்போது அந்தப் பெயரை அதிகம் விசாரிப்பவர்கள் பந்தல் போடுகிறவர்களும், பூ அலங்காரம் செய்கிறவர்களும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களும்தான்.

அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயர் ‘ஒரே ஒரு கேள்வி’. வியாழக்கிழமை எட்டு மணி. அரை மணி நேரம் விருந்தாளியோடு இனிக்க இனிக்கப் பேசுவார். வீட்டில் எல்லோரும் நலமா, சின்ன வயதில் என்ன விளையாடுவீர்கள், இந்த மாதிரி. கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அதுதான் வித்தை. மற்றவர்களென்றால் கேள்வியைக் கேட்டுவிட்டு, அதற்கு விளக்கம் சொல்லி, விளக்கத்துக்கு உதாரணம் சொல்லி, பதில் சொல்ல வந்தவன் தப்பிக்கச் சந்து காட்டிவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை குடிநீர்த் துறை அதிகாரி ஒருவர் வந்து, நகரமே தேன் குடிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் கேள்வியார் மேசைக்கு அடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்தார். “இது இன்னிக்குக் காலையில உங்க குழாயில பிடிச்சது. குடிக்கிறீங்களா?” அவ்வளவுதான். அதிகாரி டம்ளரைப் பார்த்தார், கேள்வியாரைப் பார்த்தார், மறுபடி டம்ளரைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு விநாடி. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் அந்த மனிதருக்கு வேறு ஊர்.

அந்த டம்ளர் இன்னும் கேள்வியாரின் மேசையில் இருக்கிறது. விழா ஏற்பாட்டாளர்களின் முகவரி அட்டைகளை அதில்தான் போட்டு வைத்திருக்கிறார்.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டால், யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சேர்மன் மகளின் கல்யாண வரவேற்புக்குப் பேச வரவேண்டியவருக்குக் காய்ச்சல். “நீங்கதான் பேச்சுல மன்னனாச்சே, ஒரு மணி நேரம் சமாளிச்சுக் குடுங்க” என்றார்கள். சமாளித்தார். சமாளித்தார் என்பது குறைத்துச் சொல்வது. மண்டபத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார். மறுவாரம் நகைக்கடைத் திறப்பு. அதற்கடுத்த வாரம் அடுக்குமாடி கட்டுபவரின் ஆண்டுவிழா. பிறகு பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் திறப்பு. எல்லோருக்கும் கேள்வியாரே வேண்டும். கேள்விதான் வேண்டாம்.

மேடையில் ஒரு மனிதரை “ஏழைகளின் இதயத் துடிப்பு” என்று அழைத்துவிட்டு, வியாழக்கிழமை அவரையே கூப்பிட்டு ‘ஏன் அய்யா ஏமாற்றினீர்கள்’ என்று கேட்க முடியுமா? அப்புறம் அவர் முகத்தில் விழிக்க முடியாதே. ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பெயர் அவருடைய விருந்தாளிப் பட்டியலிலிருந்து அடிபட்டது. அடித்து அடித்து, கடைசியில் ஒரு வானிலை ஆய்வாளரும் ஒரு சதுரங்க வீரரும்தான் மிஞ்சினார்கள். சதுரங்க வீரரிடம் கடைசி இரண்டு நிமிடத்தில் “குதிரையை ஏன் நகர்த்தினீர்கள்?” என்று கேட்டார் பாருங்கள், அதோடு நிலையம் நிகழ்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

மனைவி அந்தத் தனியார் மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். எட்டு மாதமாக அவள் தினமும் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

“ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட் ஓடலங்க. மூணாவது மாடிக்கு நோயாளியப் படியில தூக்கிட்டுப் போறோம். போன வாரம் ஒரு பெரியவர் பாதிப் படியில மயங்கிட்டார். எழுதிக் குடுத்தா, பார்க்கறோம்ங்கறாங்க. நீங்க ஒரு தடவ கேட்டா என்ன?”

“நான்தானே அந்த ஆஸ்பத்திரியத் திறந்து வச்சேன்.”

“ரிப்பன் வெட்டினது அமைச்சர். நீங்க கத்திரிக்கோல் எங்கன்னு மைக்ல கேட்டீங்க, அவ்வளவுதான்.”

“உன் வேலை என்ன ஆகறது?”

“நர்ஸுக்கு எங்க போனாலும் வேலை இருக்கு. உங்களுக்குத்தான் பயம்.”

இதற்குக் கேள்வியாரிடம் ஒரு பதில் இருந்தது. செய்தி ஆசிரியர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது. விழாவுக்கெல்லாம் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, வியாழக்கிழமை எட்டு மணியை மீட்டுவிடலாம். கேட்கமுடியாமல் போன கேள்விகளையெல்லாம் அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்திருந்தார். நாற்பத்தொன்று இருந்தன. “நாற்காலி வரட்டும். முதல் கேள்வி உன் லிஃப்ட்தான்” என்று மனைவியிடம் சத்தியம் செய்யாத குறை. தாளில் முதல் எண்ணும் அதற்கே கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் அவருடைய இரண்டு தொழில் ரகசியங்களைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

ஒன்று, ப்ராம்ப்டர். செய்தி வாசிப்பவருக்கு எதிரே எழுத்து ஓடும் திரை. இருபத்து நாலு வருடம் அதைப் பார்த்து வாசித்து வாசித்து, கேள்வியாருக்குக் கண்ணும் வாயும் நேரடி உறவு கொண்டாடிவிட்டன. நடுவில் மூளை என்று ஒன்று இருப்பதை இரண்டும் மதிப்பதில்லை. திரையில் என்ன வந்தாலும் வாய் அதற்கேற்ற குரலில் சொல்லிவிடும். மூளை மூன்று வரி தள்ளி மூச்சிரைக்க ஓடிவரும். ஒருநாள் திரையை ஓட்டுபவர் தன் மதியச் சாப்பாட்டுப் பட்டியலை அதிலேயே தட்டி வைத்துவிட்டு மறந்துபோனார். கேள்வியார் வெள்ளச் செய்தியை முடித்த கையோடு, “இரண்டு சாப்பாடு, ஒன்றில் காரம் குறைவாக, சீக்கிரம்” என்று தழுதழுத்த குரலில் வாசித்தார். பார்த்தவர்கள் நிவாரண முகாமுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். பொட்டலம் பொட்டலமாக வந்து குவிந்தது.

இன்னொன்று, பிரிவுரை. நிலையத்தில் யார் விடைபெற்றாலும் விழாவை நடத்துவது கேள்வியார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரே ஒரு உரை எழுதிவைத்தார். பெயர் வரவேண்டிய இடத்தில் நான்கு புள்ளி. “சிலர் நாற்காலியில் உட்காருவார்கள். சிலர் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு நாற்காலி என்றே பெயர் வரும். இவர் இரண்டாவது ரகம். இத்தனை வருடங்களில் இவர் கடிகாரத்தைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. இவர் இல்லாத நாளைய காலையை நினைத்துப் பார்க்க நம்மில் ஒருவருக்கும் தைரியம் இல்லை...” இப்படிப் போகும். நேரப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்றபோதும் இதையேதான் வாசித்தார். அந்த மனிதரின் வேலையே கடிகாரத்தைப் பார்ப்பதுதான்! ஆனாலும் அவரும் அழுதார். எல்லோரும் அழுதார்கள். இருபத்தேழு பேர் அழுதார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

இருபத்தேழாவது ஆள் கேமராமேன். கேள்வியாரோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர், வயதில் மூத்தவர். வெயில், மழை, கலவரம் எல்லாவற்றிலும் ஒன்றாகத் திரிந்தவர்கள். போன வருடம் ஓய்வுபெற்றார். அவருக்காவது புதிதாக நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அன்று மாலை வேறொரு விழா இருந்தது. கேமராமேன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், பிளாஸ்டிக் உறை ஒட்டி, வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து கேள்வியார் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்தத் தாளின் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது நிலையத்தின் வெள்ளி விழா வந்தது. மாலை ஐந்து மணிக்குப் பெரிய ஹோட்டல் அரங்கில், நேரலையாக. நடத்துபவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் கேள்வியார் வீட்டுக்கு வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

“நாற்காலி நமக்குத்தான். மூணு ஆதாரம் கிடைச்சிருச்சு.”

ஒரு செய்திக்கு மூன்று ஆதாரம் இருந்தால்தான் நம்பவேண்டும் என்பது அவர் பயிற்சி நாளில் கற்ற பாடம். முதல் ஆதாரம், சேர்மனின் செயலாளர் அவரிடம் ஆறு பழைய புகைப்படம் கேட்டிருந்தார், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது இருந்தால் ரொம்ப நல்லது என்று. இரண்டாவது, நிகழ்ச்சி நிரலில் எல்லா எண்ணுக்கும் உரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது எண்ணில் மட்டும் ‘சிறப்பு அறிவிப்பு, உரை நேரடியாக ப்ராம்ப்டரில் வரும்’ என்று இருந்தது. மூன்றாவது, மனைவிக்கு முதல் வரிசையில் இடம், அழைத்துவர நிலையத்தின் கார்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“கேமராமேன் அண்ணனுக்கும் போட்டோ கேட்டாங்கல்ல?”

“அது வேற, இது வேற.”

“அவர் சம்சாரத்துக்கும் கார் அனுப்புனாங்க. நீங்கதான் வந்து சொன்னீங்க.”

“அவர் ரிட்டயர் ஆனாரு. எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

“கேட்டுப் பாருங்களேன். செயலாளர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே?”

“நானே போய்க் கேக்கறதா? அசிங்கமா இருக்காது?”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டவருக்குத் தன் விஷயத்தைக் கேட்க மட்டும் அசிங்கம். என்ன சொல்வது!

விழா நாளில் எல்லோரும் அவரிடம் தாங்கித் தாங்கிப் பேசினார்கள். எப்போதும் “தலைய அசைக்காதீங்க சார்” என்று அதட்டும் மேக்கப் அக்கா அன்று பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பவுடர் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, “நல்லா இருங்க சார்” என்று சொல்லிச் சட்டென்று திரும்பி டப்பாவை மூடினாள். வாசல் காவலர் எழுந்து நின்றார். கேள்வியார் அதையெல்லாம் நான்காவது, ஐந்தாவது ஆதாரமாக வரவு வைத்துக்கொண்டார். கோட்டின் உள்பையில் இரண்டு தாள். ஒன்று, ‘இந்த மாபெரும் பொறுப்பை என்னை நம்பி ஒப்படைத்த சேர்மன் அவர்களே’ என்று தொடங்கும் நன்றி உரை. மற்றது அந்த நாற்பத்தொன்று.

அரங்கில் முதல் வரிசையைப் பார்த்தால் அந்தத் தாளைப் படம் போட்டு உட்கார வைத்தது மாதிரி இருந்தது. சேர்மனுக்கு இந்தப் பக்கம் மருத்துவமனை உரிமையாளர், அந்தப் பக்கம் அடுக்குமாடிக்காரர், அடுத்து நகைக்கடை. எல்லோருமே இவரைப் பார்த்துப் பாசமாகக் கையசைத்தார்கள். மனைவி ஓரத்து நாற்காலியில் இருந்தாள். மூன்றாவது வரிசையில் கேமராமேன்.

முதல் எட்டு எண்ணும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடின. காதுக் கருவியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளரான பெண்ணின் குரல் வந்துகொண்டே இருந்தது. “சூப்பர் சார்... அடுத்து ஒன்பது. திரையப் பாருங்க.”

மேடைக்குக் கீழே இருந்த திரையில் எழுத்து ஏறத் தொடங்கியது. கேள்வியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவருடைய மிகச் சிறந்த குரல் ஒன்று உண்டு, அடிவயிற்றிலிருந்து வருவது, பெரிய செய்திகளுக்கு மட்டும் எடுப்பது. அதை எடுத்தார்.

“இந்த இனிய வேளையில், கனத்த இதயத்தோடு ஒரு செய்தி. கால் நூற்றாண்டாக நம் நிலையத்தின் குரலாக விளங்கியவர், இன்றோடு நம்மிடமிருந்து விடைபெறுகிறார்.” அடுத்து வந்த பெயரைத் தலைப்பெழுத்தோடு, அட்சரம் பிசகாமல், கணீரென்று வாசித்தார். “சிலர் நாற்காலியில் உட்காருவார்கள். சிலர் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு நாற்காலி என்றே பெயர் வரும். இவர் இரண்டாவது ரகம். இத்தனை வருடங்களில் இவர் கடிகாரத்தைப்...”

அங்கேதான் மூளை வந்து சேர்ந்தது.

அது தன்னுடைய பெயர். சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த பெயர். அதற்கடுத்து வருவது தன்னுடைய உரை. புதிதாக நாலு வரி எழுதக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவருடைய கோப்பிலிருந்தே எடுத்து, நான்கு புள்ளியில் அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். மூளை ‘நிறுத்து’ என்றது. ஆனால் வாய் நிற்கவில்லையே! “...பார்த்து யாரும் பார்த்ததில்லை. இவர் இல்லாத நாளைய காலையை நினைத்துப் பார்க்க நம்மில் ஒருவருக்கும் தைரியம் இல்லை” என்று கடைசி வரிவரை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து, எங்கே குரல் உடையவேண்டுமோ அங்கே உடைத்து, முடித்தும்விட்டது. பின்னால் பெரிய திரையில் அவர் கொடுத்த ஆறு புகைப்படமும் ஒவ்வொன்றாக வந்தன. கைதட்டல் கூரையைத் தொட்டது. அவருடைய கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தெட்டாவது ஆளையும் அந்த உரை அழவைத்துவிட்டது.

சேர்மன் மேடையேறி ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்து, கேமராவுக்குச் சிரித்து, முதுகில் தட்டிவிட்டு இறங்கினார். “புது ஆளுங்களுக்கு வழி விடணும்ல? நீங்க எப்பவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். விழான்னா உங்களத்தான் கூப்பிடுவோம்” என்று காதோரம் சொன்னார். நாற்காலி போனதோடு நிற்கவில்லை, வேலையும் போய்விட்டது. மைக் மட்டும் கழுத்தில் மிஞ்சியது.

அடுத்தது நடனம். கேள்வியார் இறங்கக் கால் எடுத்து வைத்தார்.

“சார், சார், இறங்காதீங்க” என்றது காது. “டான்ஸ் குரூப்புக்கு உடுப்பு வண்டி இப்பத்தான் வந்திருக்கு. ஒரு நாலு நிமிஷம் இழுங்க, ப்ளீஸ்.”

தன் பிரிவையே தான் இழுக்கவேண்டும். அவர் கோட்டின் உள்பையில் கையை விட்டார். முதலில் வந்தது நன்றி உரை. ‘இந்த மாபெரும் பொறுப்பை’ என்ற வரியைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே தள்ளினார். அடுத்த தாள் விரலில் பட்டது. முதல் வரிசையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்பாகப் பார்த்தார்கள். வாயைத் திறந்தார். “எவ்வளவு இனிமையான மாலை!” என்றது வாய்.

அவருக்கே அருவருப்பாக இருந்தது. கண் மூன்றாவது வரிசைக்குப் போயிற்று. கேமராமேன் தன் வழக்கப்படி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றார் கேள்வியார். “இப்ப வாசிச்சேனே, அத எழுதினதே நான்தான். இருபத்தேழு பேருக்கு இதையே வாசிச்சிருக்கேன். ஒரு வரிகூட யாருக்காகவும் எழுதினதில்ல. எல்லாருக்கும் ஒரே சட்டை. என்னை மன்னிச்சிருங்க.”

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. சேர்மன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பிரமாதம் சார், செம டைமிங்” என்றது காது. “டான்ஸ் ரெடி. நீங்க இறங்கலாம்.”

ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒருமுறை உண்மையைச் சொல்கிறான், அதற்கு இந்த மரியாதை. கேள்வியார் பக்கவாட்டுப் படியில் இறங்கி, திரைச்சீலைக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். மேடையில் பாட்டு அதிர்ந்தது. கேமராமேன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்களுக்கும் அதையேதான் வாசிச்சேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“எனக்கு முன்னாடி இருபத்தாறு பேருக்கு நீ வாசிச்சப்ப கேமராவுக்குப் பின்னாடி நின்னது யாரு? எனக்கு அது மனப்பாடம். நீ எந்த வரியில மூச்சு விடுவேன்னுகூடத் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு அத ஒட்டிச் சுவத்துல மாட்டினீங்க?”

“இத்தன வருஷத்துல உன் குரல்ல என் பேரு வந்தது அந்த ஒரு நாள்தான். வேற எந்தச் செய்தியிலயும் நீ சொன்னதில்ல. நாலு புள்ளிக்கு மேல என் பேரை உன் கையெழுத்துல எழுதியிருந்தியே, அதுக்குத்தான்.”

கேள்வியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேடயத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சந்தேகம் எழுந்தது.

“இன்னிக்கு இது நடக்கப்போகுதுன்னும் தெரியுமா?”

“ரெண்டு வாரமா. உன்னோட பழைய படச்சுருள் இருக்கான்னு என்கிட்டதான் கேட்டாங்க. மேக்கப் அக்காவுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும். உன் வீட்டுக்காரிக்கு அந்தப் போட்டோ கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு. நேத்து என் வீட்டுல வந்து அழுதுட்டுப் போச்சு.”

“ஏண்ணே என்கிட்ட யாருமே சொல்லல?”

கேமராமேன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீ யாரையும் கேக்கவே இல்லையே, தம்பி.”

பாட்டு முடிந்தது. “சார், நன்றியுரை. கடைசி அயிட்டம். மேல வாங்க” என்றது காது.

கேள்வியார் கேடயத்தைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு மேடையேறினார். திரையில் எழுத்து ஏறியது. வாய் தானாகத் திறந்தது. அவர் அதை மூடினார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஓடுகிற எழுத்தைச் சத்தமில்லாமல் தான் மட்டும் படித்தார். மருத்துவமனைக்கு நன்றி, அடுக்குமாடிக்கு நன்றி, நகைக்கடைக்கு நன்றி. கடைசிவரை படித்தார். அரங்கம் காத்திருந்தது.

“சார், மைக் போச்சா? திரை தெரியுதா?”

“தெரியுது” என்றார் கேள்வியார், மைக்கிலேயே. யாருக்குச் சொல்கிறார் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை.

முதலில் கேமராமேனின் பெயரைச் சொன்னார். தலைப்பெழுத்தோடு, பெரிய செய்திகளுக்கான அந்தக் குரலில். “இருபத்து மூணு வருஷம் நீங்க என்னை எதுல பார்த்தீங்களோ, அது அவர் கண்ணு” என்றார். பிறகு உள்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். அதைப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த முதல் கேள்வியைத்தான் எட்டு மாதமாகத் தினமும் சமையலறையில் மனைவி வாயால் கேட்டுக்கொண்டிருந்தாரே. முதல் வரிசையில் சேர்மனுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

“அய்யா, வீட்டுல எல்லாரும் நலமா?”

மருத்துவமனை உரிமையாளர் மலர்ந்து, கைகூப்பி, நலம் என்று தலையாட்டினார்.

“உங்க ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட் எட்டு மாசமா ஓடல. நோயாளிகளப் படியில தூக்கிட்டுப் போறாங்க. எப்ப ஓடும்?”

இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். இவர் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். உரிமையாளரின் கூப்பிய கை அப்படியே நின்றது. அவர் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் கூரையைப் பார்த்தார்.

“சார், இது ஸ்கிரிப்ட்ல இல்லையே!” காதுக்குள் பெண் அலறினாள். “நேரலை சார்! ஏதாவது பேசுங்க! விளம்பரத்துக்குப் போகலாம்னா, அடுத்து வரதே அவங்க ஆஸ்பத்திரி விளம்பரம்தான் சார்!”

ஓரத்து நாற்காலியில் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு கண் சுருங்கியிருந்தது. கேள்வியார் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கையைக் கட்டிக்கொண்டார். எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு நின்றார்.